உதயாக்கா கரை இறங்கிய நாள்

வெஸ்ட் இண்டீஸ் என்றால் எங்கள் ஆட்களுக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். அப்படிப்பட்ட இடத்துக்கு ஒருத்தி சொகுசுக் கப்பலில் போய் இறங்கிவிட்டு வந்தாள் என்றால், ஒஸ்லோவில் நாங்கள் இருக்கிற அம்மருட் அடுக்குமாடிகளில் ஒரு மாதம் கதைக்க அது போதும். உதயாக்கா போய் வந்தார். எல்லாரும் கதைத்தார்கள். ஆனால் அங்கே நடந்ததை அவர் வாய் திறந்து சொன்னது எனக்கு மட்டும்தான். எழுதட்டோ என்று கேட்டேன். "எழுதினால் எழுதடி சிறி, எனக்கென்ன இனி" என்றார். அந்த "இனி" என்ற சொல்லைக் கேட்டதில் இருந்து எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

உதயகுமாரி என்பது முழுப் பெயர். ஐம்பத்தேழு வயது. கலியாணம் கட்டவில்லை. திருகோணமலையில் தாயையும் தகப்பனையும் சண்டையில் பறிகொடுத்துவிட்டு, ஏழு வயதுத் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தானும் ஒரு குமர்ப்பிள்ளையாக ஒஸ்லோவில் வந்து இறங்கியவர். அந்தத் தம்பிதான் அபிராம். அவனைத் தோய வார்த்தது, பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டது, பெற்றோர் கூட்டங்களுக்குப் போய்ச் சின்னக் கதிரையில் குந்தியிருந்தது எல்லாம் உதயாக்காதான். கலியாணப் பேச்சுகள் வராமல் இல்லை. பக்கத்து நகரமான திராமனில் இருந்து ஒரு நல்ல மனிதர் இரண்டு தரம் ஆள்விட்டுக் கேட்டார். "தம்பி படிச்சு முடியட்டும்" என்று உதயாக்கா தள்ளிக்கொண்டே போனார். தம்பி படித்து முடிக்கிறபோது திராமன்காரருக்கு இரண்டு பிள்ளைகள்.

எங்கள் வேலை என்னவென்றும் சொல்லவேண்டும். ஒஸ்லோவுக்கும் டென்மார்க்குக்கும் இடையே ஓடும் பயணிகள் கப்பலில் கபின் துப்புரவு. நானும் அவரும் ஒரே தளத்தில் இருபது வருடத்துக்கு மேல் சோடியாக வேலை செய்கிறோம். காலையில் கப்பல் வந்து கட்டும். பயணிகள் முன்வாசலால் இறங்க, நாங்கள் பக்கக் கதவால் ஏறுவோம். படுக்கைகளை உரித்து, விரித்து, கக்கூஸ் தேய்த்து, குப்பை அள்ளி, அடுத்த பயணிகள் ஏறுவதற்கு முன்பே அதே பக்கக் கதவால் இறங்கிவிடவேண்டும். இத்தனை வருடம் கப்பலில் வேலை செய்தும் உதயாக்கா கடலில் ஒரு முழம் போனதில்லை. கபின் யன்னலால் பார்த்தால் எப்போதும் துறைமுகத்துக் கொங்கிரீட் சுவர்தான் தெரியும்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. போர்வைக்கு உறை மாட்டும்போதெல்லாம் சொல்லுவார்.

"ஒருநாளைக்கெண்டாலும் சிறி, படுக்கையைக் குழம்பினபடி விட்டிட்டு, துவாயை நிலத்திலை போட்டிட்டு, கைப்பையைத் தோளிலை கொழுவிக்கொண்டு முன்வாசலாலை இறங்கிப் போகவேணும். ஆர் அடுக்கிறது எண்டு திரும்பியும் பாக்கக்கூடாது."

"ஆசையைப் பார்" என்று நான் நக்கலடிப்பேன். ஆனால் அந்த ஆசை எனக்கும் உண்டு. அந்த வேலை செய்கிற எல்லாருக்கும் உண்டு.

அபிராம் இப்போது பொறியியலாளன். நகரத்தின் பணக்கார மேற்குப் பக்கத்தில், தோட்டத்தோடு கூடிய வீடு. மனைவி நிசாந்தினி, மூன்று வயது மகள் யதுர்ஷா. அவன் கதைக்கிற நொர்வீஜியனைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஏதோ கப்பல் முதலாளியின் மகன் கதைக்கிறான் என்றுதான் நினைப்பீர்கள். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். அக்காவைக் காணும்போதெல்லாம் கட்டிப்பிடிப்பான், வருடத்துக்கு ஒருதரம் நல்ல சேலை எடுத்துக் கொடுப்பான். அவன்தான் போன இலையுதிர் காலத்தில் வந்து, "அக்கா, பெப்ரவரி லீவுக்குக் கரீபியன் போறம். நீங்களும் வாறியள்" என்றான்.

உதயாக்காவுக்குத் தலைகால் தெரியவில்லை. கோடை விடுமுறையை விட்டுக்கொடுத்து, அதைக் குளிர்காலத்துக்கு மாற்றினார். வெள்ளைத் தொப்பி ஒன்று, பூப்போட்ட நீலச் சட்டை ஒன்று, தோளில் கொழுவும் கைப்பை ஒன்று. அடுக்குமாடி முழுக்கச் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்லி என்ன பயன்? என்னுடைய தம்பி இதே நாட்டில், துரொண்ட்ஹெய்மில் இருக்கிறான். அங்கே வந்து போ என்றுகூட அவன் ஒருநாளும் என்னைக் கூப்பிட்டதில்லை.

அந்தப் பயணத்தில் பல தீவுகள் இருந்தன. உதயாக்கா மனதில் பிடித்து வைத்தது ஒன்றைத்தான், செயின்ட் தோமஸ். ஏனென்றால் அது ஒருகாலத்தில் டென்மார்க்கின் தீவு. அங்கே தெருக்களுக்கு இன்னமும் டெனிஷ் பெயர்தான். ராசா தெரு, ராணி தெரு என்று, ஒஸ்லோவில் நாங்கள் தினமும் காலையில் ரயிலால் இறங்கித் துறைமுகத்துக்கு நடக்கிறோமே, அந்தத் தெருக்களின் அதே பெயர்கள். தொலைபேசியில் படம் எடுத்துக் காட்டினார்.

"மற்ற இடமெல்லாம் இங்கிலிஸ், ஸ்பானிஷ். எனக்கு ஒரு அறுப்பும் விளங்காது. இஞ்சை எண்டால் நான் தனிய இறங்கி, தனியச் சுத்திப்போட்டு வருவன்."

"உதயாக்கா, பேர் டெனிஷ் எண்டால் சனம் டெனிஷ் கதைக்குமோ?"

"ஏன் கதையாது? வெள்ளைக்காரன் எங்களை விட்டிட்டுப் போய் எவ்வளவு காலம். எங்கடை நாட்டாலை இங்கிலிஸ் போட்டுதோ? அப்பிடித்தான் அங்கையும் கிடக்கும்."

நியாயமாய்த்தான் பட்டது. இலங்கையில் பிறந்த எவளுக்கும் அது நியாயமாய்த்தான் படும். டெனிஷ் எங்களுக்குப் புதிதும் இல்லை. கப்பலில் பாதி ஆட்கள் அதைத்தான் கதைக்கிறார்கள், நொர்வீஜியன் தெரிந்தால் பிடித்துவிடலாம். உதயாக்காவின் நொர்வீஜியன் நல்ல நொர்வீஜியன். வேலை முடிந்து மாலை வகுப்பில் கண் சொக்கச் சொக்கப் படித்தது. எங்களுக்கு லீவு வேண்டும் என்றாலும் கையுறை போதாது என்றாலும் மேற்பார்வைக்காரனிடம் போய்க் கதைப்பது அவர்தான். அபிராமும் தலையை ஆட்டினான். "ஓம் அக்கா, அண்டைக்கு நீங்கள் உங்கடை பாட்டிலை போங்கோ." உதயாக்கா அதை எனக்கு வந்து இரண்டு தரம் சொன்னார்.

கப்பல் ஏறின நாளில் இருந்தே யதுர்ஷாவின் சின்னக் கட்டில் உதயாக்காவின் கபினில் போடப்பட்டிருந்தது. பிள்ளை நேரத்துக்குப் படுக்கவேண்டும் என்பதால் இரவுச் சாப்பாடு கபினுக்கே வந்தது. தம்பியும் மனைவியும் உடுத்தி வெளிக்கிட்டு மேல்தளத்துக்குப் போய் ஆடல் பாடல் பார்த்துவிட்டு வந்தார்கள். எனக்கென்றால் அப்போதே மணி அடித்திருக்கும். "அவையும் வருசம் முழுக்க வேலை வேலை எண்டு திரியிற ஆக்கள், ஆறட்டும்" என்றுதான் உதயாக்கா நினைத்திருக்கிறார். யதுர்ஷா என்றால் அவருக்கு உயிர். "மாமி, மாமி" என்று பிள்ளை கூப்பிட்டால் சமைக்கிற அடுப்பையும் அப்படியே விட்டுவிட்டு ஓடுகிற மனுசி.

அந்தத் தீவுக்குக் கப்பல் போய்ச் சேர்ந்த காலை, உதயாக்கா நீலச் சட்டையைப் போட்டு, தொப்பியை வைத்து, கைப்பையைக் கொழுவிக்கொண்டார். படுக்கையைக் குழம்பினபடி விட்டார். துவாயை வேண்டுமென்றே குளியலறை நிலத்தில் போட்டார். லிப்ட் வரைக்கும் போனார். மனம் கேட்கவில்லை. திரும்பி ஓடிவந்து துவாயை எடுத்து மடித்துக் கொழுவினார். படுக்கையையும் கையோடு இழுத்துச் சரிசெய்தார். இதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. அன்றைய கதையில் அவர் சிரித்தது அந்த ஓர் இடத்தில்தான்.

அப்போதுதான் கதவில் தட்டுக் கேட்டது. நிசாந்தினி. முன்னால் தள்ளுவண்டியில் யதுர்ஷா. பின்னால் காற்சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக அபிராம். பாய்மரப் படகில் போய்க் கடலாமை பார்க்கிற பயணம் ஒன்றுக்குப் பதிந்துவிட்டார்களாம். சின்னப் பிள்ளைகளை ஏற்றமாட்டார்களாம்.

"கப்பலிலை பிள்ளையள் பாக்கிற இடம் கிடக்குத்தானே" என்றார் உதயாக்கா.

"பிள்ளைக்குத் தடிமன், மூக்கு ஓடுது, மச்சாள். எடுக்கமாட்டினம்" என்றாள் நிசாந்தினி.

"தம்பி, இண்டைக்கு நான் தனிய எண்டு கதைச்சதெல்லோ?"

"அக்கா, நீங்கள் எப்பிடியும் ரவுணுக்குத்தானே போறியள். தள்ளிக்கொண்டு போனால் அவள் பாட்டிலை நித்திரை கொள்ளுவாள். யதுர்ஷாவும் ஒரு ஆளே?"

இதைக் கேட்டபோது நான் கத்திவிட்டேன். "உங்களுக்கு வாயில்லையோ உதயாக்கா? மேற்பார்வைக்காரனோடை அந்தக் கதை கதைக்கிற மனுசி, தம்பிக்கு முன்னாலை ஏன் நாக்கை விழுங்கிறியள்?" என்று. "பிள்ளை கையை நீட்டிக்கொண்டு இருந்துதடி" என்றார். 

ஆனாலும் முன்வாசலால்தான் இறங்கினார். கைப்பை தோளில் இல்லை, தள்ளுவண்டிப் பிடியில் தொங்கியது, அவ்வளவுதான் வித்தியாசம். வெயில் கொளுத்தியது. துறைமுகக் கரையோரம் நடந்து ஊருக்குள் போனார். முதல் தெருமுனையில், மஞ்சள் சுவரில், அந்தப் பெயர்ப்பலகையைக் கண்டார். ராணி தெரு. எழுத்துக்கூட்டத் தேவையே இல்லாமல் வாசித்தார். யதுர்ஷாவுக்கும் சத்தமாய் வாசித்துக் காட்டினார். நின்ற இடத்தில் அழுகை வந்துவிட்டதாம். "நான் தூக்கம் முழிச்சுப் படிச்ச எழுத்து சிறி. உலகத்தின்ரை மற்றத் தொங்கலிலை, ஒரு சுவரிலை, எனக்கெண்டு எழுதி வைச்ச மாதிரிக் கிடந்துது."

ராசா தெரு மேட்டில் இருந்தது. தள்ளுவண்டியை ஏற்ற முடியாமல் கீழேயே நின்று பார்த்தார். சிவப்புக் கல்லால் கட்டிய பழைய கோட்டையைப் பார்த்தார். பக்கத்துப் பூங்காவில் ஒரு கறுப்பு மனிதனின் சிலை, வாயில் சங்கு வைத்து ஊதுகிறது. எங்கள் ஆட்களுக்குச் சங்கு என்றால் என்ன நினைவு வரும்? "ஆர் செத்ததெண்டு ஊதுறானோ" என்று யோசித்தாராம். கீழே ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது, விளங்கவில்லை.

யதுர்ஷா தண்ணீர் கேட்டாள், பிறகு கக்கூஸ் கேட்டாள். கோட்டை வாசலில் தொப்பி விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் உதயாக்கா போய், தன் நல்ல நொர்வீஜியனில், டெனிஷ்காரர் இழுக்கிற மாதிரி இழுத்துக் கேட்டார். அந்தப் பெண் "குட் மோர்னிங்" என்றாள். மறுபடியும் கேட்டார். மறுபடியும் "குட் மோர்னிங்", கூடவே ஆங்கிலத்தில் நாலு சொல்லு. ஒரு பொலிஸ்காரனிடம் கேட்டார். டாக்சிக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவரிடம் கேட்டார். ஒருவருக்கும் ஒரு சொல் விளங்கவில்லை. கோபிக்கவில்லை, சிரித்தார்கள், கையை விரித்தார்கள்.

"போகேக்கை எழுத்தைச் சுவரிலை விட்டிட்டு, பாசையைக் கொண்டு போட்டாங்கள் சிறி" என்றார். "ஒரு சனமும் அதைக் கதைக்கிறேல்லை. எனக்கு அந்த வெயிலிலை தலை சுத்தினது."

கைப்பாசையில் ஒரு சின்ன உணவுக்கடையைப் பிடித்து, கக்கூஸ் போய், பிள்ளைக்கு மாம்பழச் சாறு வாங்கிக் கொடுத்தார். தடிமன் பிடித்த பிள்ளை, வெயில் வேறு. குடித்ததெல்லாம் சத்தியாய்த் திரும்பி வந்தது. கதிரையில், நிலத்தில், உதயாக்காவின் நீலச் சட்டையில். மற்றவர்கள் என்றால் என்ன செய்வார்கள்? பிள்ளையைத் துடைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு, கடைக்காரி துடைக்கட்டும் என்று எழும்பிவிடுவார்கள். உதயாக்காவுக்கு அது வராது. கடைக்காரி வாளியோடு வந்தபோது அவளின் கையில் இருந்து தும்புத் துடைப்பத்தைப் பிடுங்கி எடுத்துவிட்டார். நிலத்தைத் துடைத்தார். கதிரைக் காலைத் துடைத்தார். முழங்காலில் நின்று மேசைக்கு அடியில் துடைத்தார். கை நிற்கவில்லை, பக்கத்து மேசையையும் விளிம்பு விடாமல் துடைத்தார்.

அந்தப் பக்கத்து மேசையில் ஒரு நரைத்த சோடி இருந்தது. "எவ்வளவு கெட்டிக்காரி நீங்கள்!" என்றாள் அந்த அம்மா. ஒஸ்லோ நொர்வீஜியனில்.

உதயாக்காவுக்குப் பசித்தவளுக்குச் சோறு கண்ட மாதிரி. எழும்பி நின்று கொட்டித் தீர்த்துவிட்டார். அவர்களும் அதே கப்பலாம். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள், அம்மருட் என்றார். என்ன வேலை, துப்புரவு வேலை. எத்தனை வருடம் நாட்டில், முப்பத்தைந்து வருடம். பிள்ளையின் பெயர் என்ன, யதுர்ஷா, தகப்பன் அபிராம். "உங்களை நல்லாய்க் கவனிக்கிறார்களா?" என்று அந்த அம்மா கையைத் தொட்டுக் கேட்டாள். "ஓம், பாருங்கோ, இவ்வளவு தூரம் என்னையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கினம்" என்றார் உதயாக்கா பெருமையாக. அந்த அம்மாவின் தலைக்குள் என்ன கணக்கு ஓடுகிறது என்று இவருக்கு எங்கே தெரியும்?

அந்த மனிதர்தான் சங்குச் சிலையின் கதையைச் சொன்னார். அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட சனம் விடுதலை கேட்டு எழும்பிய நேரம் ஊதிய சங்காம். பக்கத்துச் சந்தையில்தான் ஆட்களை விற்றார்களாம். "எல்லாம் டெனிஷ்காரர் செய்தது. நாங்கள் நோர்வேக்காரரும் அப்போது அவர்களுக்குக் கீழேதான் இருந்தோம்" என்றும் சொல்லிவைத்தார். "அப்ப நோர்வேக் கப்பல்கள் வரவில்லையோ?" என்று உதயாக்கா கேட்டாராம். கப்பலைப் பற்றி என்றால் அவர் கேட்பார். மனிதர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வெயில் கூடிவிட்டது, போகலாம் என்றார்.

திறந்த டாக்சியில் நான்கு பேருமாகத் துறைமுகத்துக்குத் திரும்பினார்கள். தள்ளுவண்டியை மடித்துத் தூக்கியது அந்த மனிதர். கப்பல் வாசலில் நீளவரிசை. அந்த வரிசையில் நிற்கும்போதுதான் அபிராமும் நிசாந்தினியும் உப்புத்தலையோடு வந்து சேர்ந்தார்கள். யதுர்ஷா "பப்பா" என்று பாய்ந்தாள்.

அந்த அம்மா முகம் மலர்ந்து அபிராமிடம் சொன்னாள்: "ஓ, நீங்கள்தானா அந்த அதிர்ஷ்டசாலிகள்! எங்கள் பிள்ளைகள் சின்னனாய் இருந்தபோது இப்படி ஒரு பிள்ளை பார்க்கிற ஆள் எங்களுக்குக் கிடைக்கவில்லையே. கடையில் முழங்காலில் நின்று நிலம்கூடத் துடைத்தாரே! இந்தக் காலத்தில் எங்கே பிடித்தீர்கள் இவரை?"

உதயாக்காவுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. முதலில் சிரிப்புத்தான் வந்ததாம். ஐயோ பாவம், பிழையாய் விளங்கிக்கொண்டு நிற்கிறார்களே, இப்போது தம்பி சொல்லப்போகிறான், எல்லாரும் சேர்ந்து சிரிக்கப்போகிறோம் என்று அவனையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

அபிராம் அக்காவைப் பார்த்தான். சத்தி காய்ந்து கிடந்த நீலச் சட்டையைப் பார்த்தான். பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, தன் அழகான நொர்வீஜியனில், "ஓம், எங்களுக்கு நல்ல அதிர்ஷ்டம்தான்" என்றான். நிசாந்தினி குனிந்து பிள்ளையின் சப்பாத்தைக் கட்டினாள். சப்பாத்து ஏற்கனவே கட்டித்தான் இருந்தது.

வரிசை நகர்ந்தது. அந்தச் சோடி கை காட்டிவிட்டுப் போய்விட்டது.

"நீங்கள் ஏன் சொல்லேல்லை? உங்களுக்கு நொர்வீஜியன் தெரியாதோ?" என்று நான் கேட்டேன். 

"நான் வாய் திறந்திருந்தால் அவன் பொய்யனாய்ப் போயிருப்பான். அந்த ஆக்களுக்கு முன்னாலை அவனைக் குறைக்க எனக்கு மனம் வரேல்லை."

நாசமாய்ப் போன மனம். அந்த மனத்தைக் கழற்றி எறிகிற இடம் ஒன்று இருந்தால் நானே கூட்டிக்கொண்டு போவேன்.

அன்று பின்னேரம், பிள்ளை நித்திரையான பிறகு, அவன் எட்டிப்பார்த்தபோது கேட்டிருக்கிறார்.

"தம்பி, ஏனடா அக்கா எண்டு சொல்லேல்லை?"

"ஐயோ அக்கா, இதையெல்லாம் பெரிசுபடுத்துறதே? ஒரு நிமிசக் கதை. அவையை இனி நாங்கள் காணப்போறமோ?"

"இனிக் காணாத ஆக்களுக்கே என்னைச் சொல்ல உனக்கு வெக்கமெண்டால், தினமும் காணுற ஆக்களுக்கு என்னெண்டு சொல்லி வைச்சிருக்கிறாய்?"

 அவன் சினந்துகொண்டு சொல்லியிருக்கிறான். "நான் என்ன செய்யிறது? சத்தி பட்ட உடுப்போடை நிக்கிறியள். கடைக்காரற்றை நிலத்தை முழங்காலிலை நிண்டு துடைச்சனியள் எண்டு அந்த மனுசி வேறை சொல்லுது. போற இடமெல்லாம் துடைச்சுக்கொண்டு நிண்டால் ஆக்கள் அப்பிடித்தான் நினைப்பினம்."

துடைத்தது ஆருடைய பிள்ளையின் சத்தி என்று அவர் கேட்கவில்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்து படுத்தாராம். எஞ்சிய நாட்களில் கப்பல் எத்தனையோ தீவில் நின்றது. உதயாக்கா ஓரிடத்திலும் இறங்கவில்லை. முழங்கால் நோகிறது என்று சொல்லிவிட்டு, பிள்ளையோடு கபினில் இருந்துவிட்டார். தம்பிக்கு அது வசதியாய்ப் போய்விட்டது.

"எனக்கெண்டு இந்த உலகத்திலை ஒரு பேர் தானேயடி கிடந்தது" என்று என்னிடம் சொன்னார். நாங்கள் அப்போது ஒரு கபினில் இரண்டு பக்கமும் நின்று விரிப்பு இழுத்துக்கொண்டிருந்தோம். "என்ரை மனிசி எண்டு சொல்ல ஒருத்தனில்லை. அம்மா எண்டு கூப்பிட ஒரு பிள்ளையில்லை. அபிராமின்ரை அக்கா. அவ்வளவுதான் நான். அதையும் அவன் அந்த வரிசையிலை வைச்சுப் பறிச்சுப்போட்டான்." சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். அடுத்த கபினுக்கு நேரமாகிவிட்டது.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கமாட்டேன். பங்குனி உத்தரத்துக்கு அம்மருட் கோயில் மண்டபத்தில் சாப்பாடு. உதயாக்காவும் நானும் பரிமாறிக்கொண்டு நின்றோம். அபிராம் குடும்பத்தோடும், தன்னோடு வேலை செய்யும் ஒரு சென்னைப் பெடியனோடும் வந்தான். பட்டு வேட்டி, திருநீறு. தமிழ் ஆட்களுக்கு நடுவில் நின்றதும் அவனுக்கு அக்காவில் பாசம் பொங்கி வந்துவிட்டது. வாளியோடு நின்ற அக்காவின் தோளில் கையைப் போட்டு இழுத்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்: "இவதான் என்ரை அக்கா. எனக்குத் தாயும் இவதான், தகப்பனும் இவதான். இந்த முறை கரீபியன் கூட்டிக்கொண்டு போனனான். அடுத்த வருசம் கிரேக்கத் தீவுகள்."

"சூப்பர்ங்க! நீங்க ரொம்ப லக்கிக்கா" என்றான் சென்னைப் பெடியன். "இந்தக் காலத்துல எந்தத் தம்பி அக்காவைக் கப்பல்ல கூட்டிட்டுப் போறான்? அடுத்த வருஷமும் போயிட்டு வாங்க."

சுற்றி நின்ற பெண்களெல்லாம் கண் வைக்காத குறை. கொடுத்து வைத்தவ என்று ஒருத்தி சொன்னாள்.

உதயாக்கா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "போகாமல் விடுவனே? பிள்ளை பாக்க ஒரு ஆள் வேணுமெல்லோ. அங்கை கேட்டாக்களுக்குத் தம்பி என்னை அப்பிடித்தான் சொன்னவன்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உதயாக்கா பகிடி விடுவார் என்று இப்போதுதான் தெரியும் என்றாள் ஒருத்தி. அபிராம் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த கையை எடுத்தான். நிசாந்தினி பிள்ளையின் குளிர்ச்சட்டையை எடுத்துப் போட்டாள். பாயசம் வர முதலே மூன்று பேரும் போய்விட்டார்கள்.

அன்றில் இருந்து அவன் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் யதுர்ஷாவைப் பாலர் பாடசாலையால் கூட்டிவந்துகொண்டிருந்தது உதயாக்காதான். அதற்கு இப்போது வேறு ஆள் பிடித்துவிட்டான். தொலைபேசி எடுத்தால் நிசாந்தினிதான் பேசுகிறாள், பிள்ளை நித்திரை என்கிறாள், பகல் பன்னிரண்டுக்கும் நித்திரை. "சபையிலை வைச்சு எங்களை வெக்கப்படுத்திப் போட்டா, அவருக்குத் தலை நிமித்த ஏலாமல் கிடக்கு" என்று அவள் ஆருக்கோ சொல்லி, அது சுற்றிச் சுற்றி எங்கள் காதுக்கும் வந்தது.

நேற்று வேலை முடிந்து, ஒஸ்லோவின் ராணி தெருவால் ரயிலுக்கு நடந்து வந்துகொண்டிருந்தோம். போய் மன்னிப்புக் கேட்டுவிடுங்கோ, பிள்ளைக்காகவேனும், என்று நானே சொல்லிவிட்டேன். எனக்கே என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும் போல் இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதனால் சொன்னேன்.

உதயாக்கா நடப்பதை நிறுத்தவில்லை. முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"அவனுக்கு வெக்கம் வந்துதாம், பிள்ளையை என்னட்டை வராமல் மறிச்சுப்போட்டான். எனக்கு வந்த வெக்கத்துக்கு நான் ஆரை மறிக்கிறது, சிறி?"